சாமி படியில் துப்பாக்கி

“உங்களுக்கு எதைக் கண்டா பயம்? அதைச் சொல்லுங்க, போதும்” என்றாள் போலீஸ்காரி.

சேலத்து மலைமேல் மஞ்சக்குட்டைக்குக் கீழே, ஜீப் போகும் தடம் முடிந்து நடைபாதை தொடங்குமிடத்தில் இருக்கிறது அந்த ஊர். ஊர் என்றால் கொஞ்சம் வீடுகள், ஒரு டீக்கடை, கரியராமன் கோயில், ஒரு சமுதாயக் கூடம். அவ்வளவுதான். மார்கழி மாதத்துப் பனி கூடத்தின் சன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சனங்கள் துண்டும் கம்பளியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

போலீஸ்காரி பெயர் ரம்யா. வாழப்பாடிப் பக்கத்துப் பெண். இந்த ஊருக்கென்று அவளை நியமித்திருந்தார்கள். அடிக்கடி வந்து, ஊருக்கு எது ஆபத்து, எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று சனங்களிடமே கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது புது ஏற்பாடு. இதுவரை போலீஸ் இந்த ஊருக்கு வந்ததெல்லாம் யாரையாவது பிடித்துப் போகத்தான். கேட்டுப் போக ஒருத்தி வந்தது இதுதான் முதல் தடவை. என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மருதாயிதான் தொடங்கினாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“எனக்கு எங்கூட்டுக்காரரைக் கண்டாத்தான் பயம் கண்ணு. குடிச்சுட்டு வந்தா பாட்டுப் பாடறாரு. அதுக்குக் கேஸ் உண்டுங்களா?”

“பாட்டுக்குக் கேஸ் இல்லீங்க. அடிச்சாச் சொல்லுங்க.”

“அடிச்சா நானே பாத்துக்குவேன். பாட்டுத்தான் தாங்க முடியல.”

அதற்குப் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. பஸ் நிற்கும் இடத்தில் லைட் இல்லை, காலேஜ் போகும் பிள்ளைகள் இருட்டில் இறங்குகிறார்கள் என்றாள் ஒருத்தி. ஊர் சுற்றிப் பார்க்க வரும் பையன்கள் பாட்டிலைத் தடத்தில் போட்டு உடைக்கிறார்கள், எஸ்டேட்டுக்கு நடந்து போனால் காலைக் கிழிக்கிறது என்றாள் இன்னொருத்தி. களத்தில் காயப் போட்ட காப்பிக்கொட்டை காணாமல் போவதைப் பற்றி ஆண்கள் பேசினார்கள். ரம்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பேசாமல் இருப்பவர்களையும் விடவில்லை.

“நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்கு?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த காளியாயி நிமிர்ந்தாள். இடது தோளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“காட்டெருமைங்க” என்றாள்.

பொய். காட்டெருமை அவளைப் பார்த்திருக்கிறது, அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். ஒதுங்கி நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும். அவளுடைய பயம் வீட்டுப் பரண்மேல் சாக்குக்குள் இருந்தது.

கடைசியில் ரம்யா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: “இன்ஸ்பெக்டர் ஐயா ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காருங்க. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தா, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பொது எடத்துல கொண்டாந்து வெச்சுரோணும். யாரோடதுன்னு கேக்க மாட்டோம். கேஸ் கெடையாது. அதுக்கு அப்புறம் ஊடு ஊடாச் சோதனை போட்டு எடுத்தா, அது வேற.”

ஆண்களில் ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் கால் விரலைச் சொறிந்தான். கோயில் பூசாரி பெரியண்ணன்தான் பதில் சொன்னார்.

“துப்பாக்கியா? சினிமாவுல பாத்ததுதான் அம்மணி.”

“நேத்துக் கூட்டத்துக்குச் சொல்லப் பொழுது எறங்கறப்ப வந்தேனுங்க. டமார்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“அது கல்யாண வெடிங்க.”

“மார்கழியில கல்யாணங்களா?”

கூடமே சிரித்தது. பெரியண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

வீட்டுக்கு வரும்போது காளியாயிக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அவள் பேச வேண்டியதைப் போலீஸ்காரி பேசிவிட்டாள். இனித் துப்பாக்கி தானாகப் போய்விடும் என்று நினைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருசம் ஆகியும் புருசனைப் பற்றி அவள் போட்ட தப்புக் கணக்கு அது.

புருசன் சித்தன் களத்து ஓரம் உட்கார்ந்து காப்பிப்பழத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். விரலால் அமுக்கிப் பார்த்துப் பிரித்தான். அவனுக்குக் கண்ணில் புரை விழுந்து நாளாகிறது. ஒண்டிக்கடைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் ராணி, சேலத்துக்குப் போய் ஆபரேசன் செய்யலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். “கண்ணுக்கு என்ன, நல்லாத்தான் தெரியுது” என்பான். நல்லாத் தெரிகிறவன் நடப்பதற்குக் காளியாயி பெரும்பாடு பட்டாள். டம்ளரை அவன் முன்னால் வைக்கும்போது தரையில் தட்டி வைப்பாள். தடத்தில் முன்னால் நடந்தபடி, “இந்தக் கல்லு பேந்து கெடக்குது, எடுத்துப் போட ஆளில்ல” என்று யாரையோ திட்டுகிற மாதிரி சொல்வாள். அவனும் அந்தக் கல்லைத் தாண்டி வருவான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

களியைக் கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் தட்டி வைத்தாள்.

“போலீஸ்காரி வந்திருந்தாளுங்க.”

“மருதாயி சொன்னா. அவ தொண்டைக்கு மைக்செட்டே வேண்டாம்.”

“துப்பாக்கியைக் குடுத்துரச் சொல்றாங்க. கேஸ் இல்லயாம்.”

“குடுக்கறவங்க குடுக்கட்டும்.”

“நம்முளுது?”

“கெழங்குக் காட்டை யாரு பாக்கறது? பன்னிகிட்டப் போலீஸ்காரி போய்க் கூட்டம் போடுவாளா?”

“பன்னி எங்கீங்க சாவுது? நம்மூட்டுச் சட்டிக்குக் கறி வந்தே நாளாச்சு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். குறி தப்புகிறது என்று சொன்னால் கண் தெரியவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் களியை உருட்டி விழுங்கினான். கோபப்படவில்லை.

“குடுக்க மாட்டேன். அதை உட்டுரு” என்றான்.

அவள் விட முடியாததற்குக் காரணம் இருந்தது. தீபாவளி கழிந்த பின்பு ஒரு நாள், பொழுது மங்கும் நேரத்தில், குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அவனுக்குச் சோறு கொண்டு போனாள். பனி கண்ணை மறைத்தது. தலையோடு கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேலிச் சந்தில் குனிந்து நுழைந்தாள். காவல் குடிசையிலிருந்து டமார் என்று வந்தது. இடது தோள் தீப்பட்டது போல் எரிந்தது. கையிலிருந்த சோற்றுப் போசி உருண்டு பாறையில் மோதியது. அவள் வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அப்படியே குந்தினாள். கத்தியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் அவன் பிறகு உயிரோடு இருக்க மாட்டான் என்று அந்த நொடியில் அவளுக்குப் பட்டது. அது மட்டும்தான் பட்டது. வலிகூட அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“யாரது?” என்று கேட்டான் அவன். குரல் நடுங்கியது.

“நாந்தானுங்க, இப்பத்தான் வர்றேன். பன்னி தப்பிச்சு அக்கட்டால ஓடிருச்சு.”

களியில் மண் ஒட்டியிருந்தது. கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டாள். அவன் தின்றான். பல்லில் மண் நறநறத்திருக்கத்தான் வேண்டும். கடைசி உருண்டை வரை தின்று முடித்தான். சிதறிய குண்டுகளில் இரண்டு தோளை உரசிப் போயிருந்தன, ஒன்று தோலுக்கடியில் நின்றுவிட்டது. மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னூசியால் அதைப் பிதுக்கி எடுத்து, மஞ்சள் வைத்துக் கட்டினாள். கேட்டவர்களிடம் கம்பி வேலி கிழித்துவிட்டது என்றாள். காப்பிப்பழம் பறிக்கக் கை தூக்க முடியவில்லை. அதையும் சிரித்து மழுப்பினாள். தன்மேல் பட்டதை மறைத்துவிட்டாள். நாளைக்கு மருதாயிமேல் பட்டால்? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைமேல் பட்டால்? அவன் சாயங்காலம் சாக்கை எடுத்துத் தோளில் போடும்போதெல்லாம் அவள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். டமார் என்று சத்தம் வந்ததும், பின்னால் அழுகைச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பன்றி ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

ஆண்கள் டீக்கடையில் கூடிப் பேசினார்கள். சோதனை போட்டால் வீட்டுக்கு வீடு மானம் போகும். பொது இடம் என்றால் எது? சமுதாயக் கூடத்தில் வைத்தால் யார் வைத்தான் என்று பார்த்துவிடுவார்கள். கோயில் என்றால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போனவன் போனவன் கரியராமன் சன்னிதிப் படியில் வைத்துவிட்டு வந்தான். வெறுங்கையோடு சாமி முன்னால் போய்ப் பழக்கமில்லாதவர்கள். அதனால் துப்பாக்கிக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து வைத்தார்கள்.

அங்கேதான் வில்லங்கம் வந்தது.

பொழுது ஏறியதும் ரம்யா ஜீப்பில் வந்தாள். கூட ஒரு வயதான ஏட்டு. படியில் வரிசையாகப் பொட்டு வைத்துப் படுத்திருந்த துப்பாக்கிகளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. எடுக்கக் குனிந்தாள்.

“அம்மணி, கை வெச்சறாதீங்க” என்றார் பெரியண்ணன்.

“ஏனுங்க?”

“படியில பொட்டு வெச்சு வெச்சாச்சு. அது இப்பச் சாமியோடது. சாமி குடுக்காம நீங்களும் எடுக்க முடியாது, நாங்களும் எடுக்க முடியாது.”

கூட்டம் அப்போதுதான் யோசித்தது. தாங்கள் செய்து வைத்த வேலை என்னவென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டு சலித்துக்கொண்டார். “என்னம்மா இது, சாமி மேல ஆயுதக் கேஸா போடறது?”

ரம்யா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படிக்குக் கீழே உட்கார்ந்தாள். “கேட்டுப் பாருங்கய்யா. நான் இருக்கறேன்.”

சாமியிடம் பூக் கேட்பது அங்கே வழக்கம். கல்லை நனைத்து இரண்டு தோளிலும் பூ ஒட்டி வைப்பார்கள். வலது பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் முடியாது என்று அர்த்தம். எதுவும் விழாவிட்டால் சாமி யோசித்துக்கொண்டிருக்கிறது. பெரியண்ணன் பூவை வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். பூ அசையவில்லை. கற்பூரம் அணைந்தது. மறுபடி கொளுத்தினார். டீ வந்தது, எல்லோரும் குடித்தார்கள். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் கணக்கெழுதும் ரைட்டர் திட்டுவாரே என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

“பனிக்கு ஒட்டிக்கிச்சு போல” என்றார் ஏட்டு.

“வாயைக் கட்டுங்க சார்” என்றாள் மருதாயி. “உங்க ஊட்டுச் சாமியா?”

பெரியண்ணன் கல்லையே பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னார்: “ஒண்ணு கொறையுது. அதான் சாமி பூக் குடுக்க மாட்டேங்குது.”

ரம்யா சட்டென்று எழுந்து, ஜீப்பில் ஏதோ எடுப்பது போல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கேட்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவள் அப்படிக் காப்பாற்றினாள். மற்றவர்கள் எல்லோரும் காளியாயியைப் பார்த்தார்கள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊரா அது?

காளியாயி எழுந்து நடந்தாள்.

சித்தன் களத்தில் பலகையால் காப்பிக்கொட்டையைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் பேசவில்லை. நேராக உள்ளே போய் ஏணியைச் சாய்த்தாள். அந்தப் பக்கத்தில் பொம்பளை துப்பாக்கியைத் தொட மாட்டாள், தொட்டால் குறி தப்பும் என்பார்கள். தப்பட்டும் என்றுதான் அவள் ஏறினாள்.

பலகைச் சத்தம் நின்றது.

“பரணையில என்ன பண்ற?”

“துப்பாக்கியை எடுக்கறேன்.”

“எங்க?”

“கோயலுக்குங்க. சாமி பூக் குடுக்க மாட்டேங்குது. ஊரே குந்தியிருக்குது.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ரவிக்கையை இறக்கித் தோளைத் தொடச் சொல்வது. அதற்குப் பிறகு அவன் என்ன ஆவான் என்பதை யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஏணியில் நின்றபடியே காத்திருந்தாள். சாக்கு கனத்தது. தோள் விண்விண்ணென்று தெறித்தது.

வாசலில் அவன் நிழல் விழுந்தது.

“மருந்து கெட்டிச்சிருக்குது. குழாயை வானத்தைப் பாத்தாப்பல புடி” என்றான். கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, “இரு. நானும் வர்றேன்” என்றான்.

அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் வந்தான். வழியில் இருந்த கல்லுக்கெல்லாம் அவள் யாரையும் திட்டவில்லை. வாய் வரவில்லை. அவன் ஒரு தடவை தடுக்கினான், சமாளித்துக்கொண்டான்.

துப்பாக்கியோடு ஒரு பொம்பளை வருவதைப் பார்த்து ஊர் எழுந்து வழிவிட்டது. மருதாயிதான் முதலில் கேட்டாள்.

“ஏனக்கா, கையை வெச்சுட்டயே. இனி அது எதைச் சுடும்?”

“நாந்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்” என்றான் சித்தன். “எனக்குக் கண்ணு தெரியறதில்ல. அவ எடுத்துட்டு வராம வேற யாரு எடுத்துட்டு வருவா?”

சத்தமாகத்தான் சொன்னான். ஊருக்கெல்லாம் தெரிந்த விசயம்தான், ஆனால் அவன் வாயால் வந்தது அன்றைக்குத்தான். பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காளியாயி துப்பாக்கியைப் படியில் வைத்தாள். மஞ்சளும் இல்லை, பொட்டும் இல்லை.

ஜீப்பிடமிருந்து ரம்யா சொன்னாள்: “எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. எஞ்சின் ஓடிட்டிருக்குது.”

எஞ்சின் ஓடவில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

பெரியண்ணன் மறுபடி கற்பூரம் கொளுத்தினார். கரியராமன் இந்தத் தடவை நேரமெடுத்துக்கொள்ளவில்லை. வலது தோள் பூ வழுக்கி, படியில் விழுந்தது.

“அப்பாடி” என்றாள் மருதாயி. “சாமிக்கே தோளு நொந்திருக்கும்.”

துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கெட்டித்திருந்த மருந்தை வெளியே எடுத்த பிறகுதான் ஜீப்பில் ஏற்ற வேண்டும். ஏட்டு பழைய கை. கொக்கி வைத்த கம்பியைக் குழாய்க்குள் விட்டு, அடைப்புக்கு வைத்த தேங்காய் நாரை இழுத்து, தலைகீழாகக் கவிழ்த்தார். பேப்பரில் கருமருந்து கொட்டியது, கூடவே சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் உருண்டன. பிள்ளைகள் பொறுக்க ஓடிவந்தார்கள், ரம்யா விரட்டினாள். கடைசியாகச் சித்தனுடையது. ஏட்டு கவிழ்த்தார், தட்டினார், ஊதினார்.

“என்னய்யா இது, குண்டே இல்ல? வெறும் மருந்தும் நாரும்தான் கெடக்குது. தீந்துபோச்சா?”

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் சித்தன் பதில் சொன்னான்.

“குண்டு இருக்குதுங்க, டப்பா நெறைய. தீவாளி கழிஞ்சதுல இருந்து போடறதில்ல. பன்னிக்குச் சத்தம் போதுமுங்க.”

காளியாயி படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டு கையை உதறிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார். ரம்யா ஒருவரையும் பார்க்காமல் பேப்பரை மடித்தாள். சித்தன் முகத்தைக் காளியாயி பக்கம் திருப்பியிருந்தான். கண் அவள்மேல் நிற்கவில்லை, ஒரு சாண் தள்ளி நின்றது. அது போதுமாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. ரம்யா கிளம்புவதற்கு முன்னால் சித்தனிடம் வந்தாள்.

“ஐயா, சேலத்துக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறதுன்னா சொல்லுங்க. எங்க ஜீப்பு கீழ எறங்கற அன்னிக்கு ஏத்திட்டுப் போறேன்.”

“போலீஸ் ஜீப்புலயா? ஊரு என்ன சொல்லும்?”

“புடிச்சுட்டுப் போறாங்கன்னு சொல்லும். திரும்பிக் கண்ணாடி போட்டுட்டு வாங்க, வாயை மூடிக்கும்.”

சித்தன் சிரித்தான். “பாக்கலாம் கண்ணு” என்றான். மாட்டேன் என்று சொல்லவில்லை.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். தடத்தில் வேறு ஆளில்லை. பனி விலகி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் இறங்கியிருந்தது. காளியாயி நின்றாள்.

“எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே.”

“நான் கத்தவே இல்லயே.”

“போசி உருண்டுச்சு. எந்தப் பன்னி போசி தூக்கிட்டு வருது?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் முழுங்கினாள்.

“அப்புறம் ஏனுங்க குடுக்க மாட்டேன்னீங்க?”

“குடுத்தா ஏன்னு கேப்ப. சொல்லோணும். நீ சொல்லாம மூடி வெச்சிருந்த. என்ன பாடுபட்டு மூடி வெச்சிருந்தயின்னு எனக்குத் தெரியாதா? அதை நான் எப்புடித் தொறக்கறது?” அவன் மூச்சு விட்டான். “தெனமும் குண்டில்லாமச் சுட்டுட்டு, நீ ஊட்டுல பயந்துட்டு நிப்பயேன்னு நெனச்சுக்குவேன். அப்பவும் வாய் வரல. ஆம்பளையின்னு பேரு.”

அவன் கையை நீட்டித் தேடினான். தோளின் தழும்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை, கழுத்தருகில் தொட்டான். அவள் அவன் விரலைப் பிடித்து, ரவிக்கைமேல் சரியான இடத்தில் வைத்தாள். அவன் அமுக்கவில்லை. காப்பிப்பழத்தைப் பார்க்கிற மாதிரி விரலாலேயே பார்த்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

“முன்னாடி பாறை வருது” என்றாள் அவள். “ஈரம். கையைக் குடுங்க.”

அவன் கொடுத்தான்.

அன்றைக்குப் பொழுது இறங்கும்போது இரண்டு பேருமாகக் கிழங்குக் காட்டுக்குப் போனார்கள். டீக்கடைக்காரனிடம் கேட்டு வாங்கிய எண்ணெய்த் தகரம் ஒன்று காளியாயி கையில் இருந்தது. பள்ளத்தில் செடி முறியும் சத்தம் கேட்டதும் அவள் தகரத்தை ஓங்கி அடித்தாள். சித்தன் குடிசைக்கு வெளியே வந்து நின்று, பன்றியின் அம்மா, பாட்டி, ஏழு தலைமுறை எல்லோரையும் பற்றி உரக்கப் பேசினான். இத்தனை வருசம் துப்பாக்கி பேசிக்கொண்டிருந்ததால் அவனுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

பக்கத்துக் காட்டிலிருந்து மருதாயி குரல் கொடுத்தாள்.

“மாமா, பன்னியைத் திட்டறீங்களா, போலீஸைத் திட்டறீங்களா?”

“உம்புருசனைத்தான், புள்ள. பாட்டுப் பாட ஒரு ஆளு வேணும், இங்க அனுப்பு. அந்தப் பாட்டுக்குக் காட்டெருமையே ஓடிரும்.”

மருதாயி சிரிப்பது மேடு வரைக்கும் கேட்டது. காளியாயி தகரத்தை வலது கையால் அடித்தாள். கை ஓய்ந்தபோது அவன் வாங்கிக்கொண்டு அடித்தான். பாதி அடி தகரத்தில் விழவில்லை, கல்லில் விழுந்தது. அவள் திருத்தவில்லை. பன்றிகள் கிழங்கை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.